புகார்ப்பெட்டியின் சாவி

வணக்கம். பெண்கள் சிறைகளில் நடக்கும் பாலியல் வன்கொடுமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். சிறைகளில் புகார்ப்பெட்டி இருக்கிறது, பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். அப்படியும் பலர் விடுதலையாகி வருடங்கள் கழித்துத்தான் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும்போதே ஏன் சொல்வதில்லை? இவ்வளவு தாமதமாகச் சொன்னால் எப்படி நம்புவது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் திறப்பதும், கடிதத்தைப் பிரித்துப் படிப்பதும், பிள்ளையோடு ஃபோனில் பேச விடுவதும், நன்னடத்தை அறிக்கை எழுதுவதும் ஒரே அலுவலகம். குற்றம் செய்தவனுக்கும் அங்கேதான் வேலை. புகார் கொடுத்த அன்று ராத்திரியும் அவள் அதே கட்டடத்தில்தான் படுக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் அமெரிக்க மத்திய அரசின் பெண்கள் சிறை இருந்தது. சிறைப் பாலியல் வன்முறையைத் தடுக்க அந்த நாட்டில் 2003லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. டப்ளினில் அந்தச் சட்டம் பற்றிய பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் ரே கார்சியா. பிறகு வார்டனாகவும், அதாவது அந்தச் சிறையின் தலைமை அதிகாரியாகவும் ஆனார். கைதிகளாக இருந்த மூன்று பெண்களிடம் பாலியல் குற்றம் செய்தவர் என்று 2022 டிசம்பரில் அவரையே நீதிமன்றம் குற்றவாளியாக்கியது. அந்தச் சிறையின் மதகுருவும் தண்டிக்கப்பட்டார். சரி, அந்தப் பெண்கள் யாரிடம் போயிருக்க முடியும்? 2024 ஏப்ரலில் சிறையையே மூடினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் அங்கே பாதிக்கப்பட்ட 103 பெண்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 11.6 கோடி டாலர் தர அரசு ஒத்துக்கொண்டது.

எனக்குத் தாங்க முடியாத கோபம் வருவது 'பாதுகாப்பு' என்ற சொல்லில்தான். புகார் சொன்னவளைப் பாதுகாக்கிறோம் என்று தனிக்கொட்டடியில் போடுகிறார்கள். விதி மீறியவளுக்குத் தண்டனையாகக் கிடைப்பதும் அதே அறை. பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு என்ன புரியும்?

பெண் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐநா பொதுச்சபை 2010இல் ஏற்ற பாங்காக் விதிகளில் 25ஆவது விதி இதைப் பற்றியதுதான். புகார் சொன்னவருக்கு உடனடிப் பாதுகாப்பும் மனநல ஆலோசனையும் வேண்டும், ரகசியம் காக்க வேண்டும், சிறைக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு விசாரிக்க வேண்டும் என்கிறது. இவை இல்லாத இடத்தில், விடுதலையான பிறகுதான் அவளுக்குப் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறது. அதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், உங்களுக்குத் தெரிந்த பெண் யாராவது உள்ளே இருந்து இப்படி ஏதாவது சொன்னால், சிறை ஃபோனில் விவரம் கேட்காதீர்கள். அதை ஒட்டுக்கேட்க முடியும். வக்கீலை நேரில் அனுப்புங்கள். தேதி, நேரம், அன்று யார் பணியில் இருந்தார் என்பதை அவர் எழுதிக்கொள்ளட்டும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்கட்டும். அவள் சம்மதிக்காமல் எங்கேயும் மனு போட வேண்டாம்.