விசிறி மட்டும் ஏன் ஓடுகிறது?

கே: என் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகவில்லை. அவசரம், உதவவும்.

ப: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? எந்த விண்டோஸ்? திரையில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கு ஜோசியம் தெரியாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: ஷட் டவுன் கொடுத்தால் திரை அணைகிறது, சிபியுவில் விசிறி மட்டும் ஓடுகிறது. விண்டோஸ் 10. ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். தலைவலிக்கும் ஃபார்மட், கால்வலிக்கும் ஃபார்மட் என்று ஆகிவிட்டது நம் ஊரில். இதே கோளாறுக்காக என் அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்தோம். பத்து வருடப் புகைப்படங்கள் போயின. வீட்டுக்கு வந்து ஷட் டவுன் கொடுத்தால் விசிறி பழையபடி ஓடுகிறது!

விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்ததும் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, கெர்னலையும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களையும் (கருவிகளை இயக்கும் புரோகிராம்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கும். மறுநாள் அங்கிருந்தே எழும். ஏதாவது ஒரு டிரைவர் இதற்கு முரண்டு பிடித்தால் மின்சாரம் முழுதாக நிற்காது.

ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். விசிறி நின்றால் ஆள் அகப்பட்டான். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆன் ஆக சில விநாடி கூடும், அவ்வளவுதான். அப்படியும் நிற்காவிட்டால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். எதற்கும் முதலில் பேக்கப்.

கே: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். டாஸ்க் மேனேஜரில் அப் டைம் (நிற்காமல் ஓடிய நேரம்) 19 நாள் காட்டுகிறது. வைரஸா?

ப: இல்லை, மேலே சொன்ன அதே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆசாமிதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வாரம் ஒருமுறை கொடுங்கள்.

கே: ‘ஷட்டிங் டவுன்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். தப்பா?

ப: தப்பு. அப்டேட் ஓடுகிறது என்றால் ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். இல்லையென்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், அதுவும் எப்போதாவது. அடுத்த முறை பென் டிரைவ், பிரின்டரைக் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். பேக்கப் இருக்கிறதா?

கே: ஆஃப் செய்த பிறகும் மவுஸில் சிவப்பு விளக்கு எரிகிறது.

ப: எரியட்டும். சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். உறுத்தினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ‘ஈஆர்பி’ (ErP) என்ற மின்சிக்கன வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஷட் டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது.

ப: கடைசி நொடியில் விண்டோஸ் முறிந்து விழுகிறது போலிருக்கிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுங்கள். அப்புறம் நீலத் திரை வந்து நின்றால் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும்படி.