எண்ணிக்கை மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: ஏர் இந்தியாவிடம் அன்று முதல் இன்று வரை என்னென்ன விமானங்கள் இருந்தன? இப்போது மொத்தம் எத்தனை? தங்களுக்குப் பிடித்த விமானம் எது?
– கும்பகோணம் வாசகர்

பதில்: ஏர் இந்தியாவைப் பார்த்து 'எத்தனை' என்று கேட்க உங்களுக்கு ரொம்பத்தான் துணிச்சல். அவர்களுக்கே தெரியாமல் ஒன்று கிடந்தது ஐயா!

கொல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையில் போயிங் 737-200 ஒன்று பதின்மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. "உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று நிலையத்தார் சொன்ன பிறகுதான் "ஓ, அது எங்களுடையதா?" என்று இவர்கள் ஏட்டைப் புரட்டினார்கள். ஏட்டில் இல்லை. நிறுத்தி வைத்ததற்கான கட்டணம் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் ஆகியிருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் டூவீலர் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு டோக்கனைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு அடி நீளமுள்ள வண்டியை விட்டுவிட்டு மறந்தவர்களை அப்போதுதான் பார்த்தேன். அதுவும் ஆளைக் கூப்பிட்டுப் பெட்ரோல் டாங்க்கைத் திறந்து பார்த்து, ஒரு உதை உதைத்து ஓட்டிக்கொண்டு போகிற வண்டியா? 2025 நவம்பரில் சாலை வழியாகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். விமானப் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுமாம். பறக்க வேண்டியது லாரியில் போயிற்று.

எப்படி மறந்தார்கள்? 1982-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியது. பிறகு அதன் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏருக்குப் போனது. பிறகு சரக்கு விமானமாகி அஞ்சல் துறைக்குத் தபால் சுமந்தது. இதற்கு நடுவே 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஏர் இந்தியாவையும் சேர்த்துக் கட்டினார்கள். இணைப்பு என்றாலே எனக்கு ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வங்கிகளை இணைத்தபோது என் பாஸ்புத்தகம் பட்ட பாட்டை இதே பக்கத்தில் எழுதி, வங்கி ஊழியர்கள் சிலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இன்னும் சொல்கிறேன்: இரண்டு கடனாளிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் கடன் பாதியாகாது. இணைப்புக்கு முன்பே இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று: போயிங் 68, ஏர்பஸ் 43. கணக்குத் தணிக்கைத் துறை பின்னால் வந்து குட்டியது.

அதில் ஒரு கூத்து உண்டு. நெடுந்தூரம் பறக்கும் போயிங் 777-200எல்ஆர் எட்டு வாங்கினார்கள். எரிபொருளைக் குடிக்கிறது, கட்டுப்படியாகவில்லை என்று ஐந்தை அபுதாபியின் எத்திஹாத் நிறுவனத்துக்கு விற்றார்கள். பத்து வருஷம் கழிந்தது. டாடாவின் கைக்கு வந்த ஏர் இந்தியாவுக்கு அமெரிக்கா போக விமானம் போதவில்லை. எதை வாடகைக்கு எடுத்தார்கள்? அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஓட்டிக் கழித்த 777-200எல்ஆர். எத்தனை? அதே ஐந்து! விற்றதும் தவறில்லை, எடுத்ததும் தவறில்லை என்று விளக்கம் சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களிடம் பேசப் பொறுமை இல்லை.

சரி, 'அன்று' என்று கேட்டீர்களே. 1932 அக்டோபர் 15, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியாவின் நிறுவனர் ஜே.ஆர்.டி. டாடா தானே ஓட்டிவந்தது புஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானம். தபால் மூட்டைகளோடு அங்கிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்கு வந்தவர் நெவில் வின்சென்ட். 1948 ஜூனில் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் 'மலபார் பிரின்சஸ்' லண்டனுக்குப் போனது. 1960-ல் போயிங் 707. 1962-ல் மிச்சமிருந்த காற்றாடி விமானங்களையும் கழித்துவிட்டு, முழுக்க ஜெட் மட்டுமே வைத்திருக்கும் உலகின் முதல் விமான நிறுவனம் என்று மார்தட்டினார்கள். தட்டட்டும், தகும்.

1971-ல் ஜம்போ 747 வந்ததும் தொடங்கியது ராஜபோகம். ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை வளைவுகள் வரைந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரரசர் பெயர்: அசோகர், கனிஷ்கர், ஷாஜகான், அக்பர், ஹர்ஷவர்த்தனர், கிருஷ்ணதேவராயர். நம்மவர்களில் ராஜேந்திர சோழன் இடம் பிடித்தான். மகேந்திரவர்மப் பல்லவனும் உண்டு. பின்னால் வந்த 747-300 இரண்டில் ஒன்றுக்கு சிவாஜி, இன்னொன்றுக்கு நரசிம்மவர்மன். அப்பா, பிள்ளை இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தது பல்லவர் வரலாற்றில் அது இரண்டாவது முறை.

இந்த விஷயத்தை இதற்கு முன்பு எழுதியபோது மதுரை வாசகர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். "சோழனுக்கு ஜம்போ, பல்லவனுக்கு ரெண்டு ஜம்போ, பாண்டியனுக்கு மட்டும் ஏன் கிடையாது?" பெயர் வைத்தது நானா? இருந்தாலும் யோசித்தேன். ராஜேந்திரன் கப்பலேறிக் கடாரம் போனவன். தொலைதூரப் பயணத்தில் முன் அனுபவம் உள்ளவன். நரசிம்மவர்மன் வாதாபி வரை போய்த் திரும்பி வந்தவன். போனால் திரும்பி வருவது விமானத்துக்கு முக்கியமான தகுதி. பாண்டியர்களோ ஈழத்துக்கும் நெல்லூருக்கும் போனவர்கள். அதற்கு ஆவ்ரோ என்ற குட்டி விமானம் போதும், ஜம்போ எதற்கு? இதைப் படித்துவிட்டு மறுபடி கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள், தபால் செலவு உங்களுடையது. சேரர் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை, பெருந்தன்மை. பிறகு வந்த 747-400 ஒன்றுக்குத் 'தஞ்சாவூர்' என்று பெயர் வைத்தார்கள். கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு அதிலும் ஒரு வருத்தம் இருக்கும்.

அசோகர் 1978 புத்தாண்டு இரவில் பம்பாய்க் கடலில் விழுந்தார், 213 உயிர்கள். கனிஷ்கர் 1985 ஜூனில் அயர்லாந்துக்கு அருகே வெடிகுண்டுக்கு இரையானார், 329 உயிர்கள். அவற்றைப் பற்றி வேடிக்கையாக எழுத எதுவும் இல்லை. 2025 ஜூனில் ஆமதாபாத்தில் விழுந்த 787 பற்றியும் அப்படியே.

கடைசி ஜம்போ 2024 ஏப்ரலில் மும்பையை விட்டுப் போயிற்று. இப்போது குழுமத்திடம் சுமார் முந்நூறு விமானங்கள்: ஏர்பஸ் 320 வகையும் 737-ம் உள்ளூருக்கும் அக்கம்பக்கத்துக்கும், 787, 777, ஏர்பஸ் 350 தூரதேசத்துக்கும். முதலில் வந்த 350-கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டியவை; போர் வந்து தடை விழுந்ததில் நமக்கு வாய்த்தன. டாடாவின் இன்னொரு விமான நிறுவனமான விஸ்தாராவுடையவை 2024 நவம்பரில் சேர்ந்தன (ஆம், இன்னொரு இணைப்பு). 2023-ல் 470-க்கு ஆர்டர், அடுத்த வருஷம் மேலும் நூறு. ஆர்டர் கொடுப்பதைக் கொண்டாடும் பத்திரிகைகள் மீது எனக்குள்ள கோபத்தை இன்னொரு நாள் கொட்டுகிறேன். பயணி உட்காருவது ஆர்டரில் அல்ல, நாற்காலியில். பழைய 787-களின் நாற்காலிகளை மாற்றி முடிக்கட்டும் முதலில்.

எனக்குப் பிடித்ததா? சூப்பர் கான்ஸ்டலேஷன். வளைந்த முதுகு, மூன்று வால், நான்கு எஞ்சின். அழகு என்றால் அழகு. ஏர் இந்தியா கழித்த பிறகு விமானப்படைக்குப் போயிற்று. அங்கிருந்து கடற்படைக்குப் போய் 1980-கள் வரை கடலைக் காவல் காத்தது. அந்தக் காலத்து விமானங்களுக்கு ஓய்வு கொடுக்கிற வழக்கம் இல்லை, இலாகாதான் மாற்றுவார்கள்.