எக்ஸ்எம்எல் (தகவலைப் பெயரிட்ட குறிகளுக்குள் எழுதும் வடிவம்) மெசேஜை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது, ஒரு டேக்கின் (குறியின்) மதிப்பைப் பார்த்து இன்னொரு டேக்கை நிரப்புவது எப்படி?

நீங்கள் சொன்ன நிலவரம் இது: பில் போடும் கம்பெனி சென்னையில் இருக்கிறது. ஆர்டர் எக்ஸ்எம்எல்லில் வாடிக்கையாளரின் மாநிலம் பெயராக வருகிறது. இன்வாய்ஸ் மெசேஜில் மாநிலக் குறியீடும், சிஜிஎஸ்டி–எஸ்ஜிஎஸ்டியா (மாநிலத்துக்குள் விற்றால் வரும் மத்திய, மாநில ஜிஎஸ்டி) ஐஜிஎஸ்டியா (மாநிலம் கடந்து விற்றால் வரும் ஒரே ஜிஎஸ்டி) என்பதும் போக வேண்டும். எக்ஸ்எஸ்எல்டியில் (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக்கும் மொழி) 'இஃப்' வைத்து எழுதினால் சில பில்களில் இரண்டு வரியும் சேர்ந்து விழுகிறது.

எக்ஸ்எஸ்எல்டியின் 'இஃப்'புக்கு 'எல்ஸ்' கிடையாது. அடுத்தடுத்து எழுதிய ஒவ்வொரு 'இஃப்'பும் தனித்தனியாகத்தான் சோதிக்கப்படும். இரண்டு உண்மையானால் இரண்டும் எழுதும். இங்கே வேண்டியது 'சூஸ்'. அதற்குள் மேலிருந்து முதலில் உண்மையாகும் 'வென்' மட்டும் ஓடும், மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆகவே 'வென்'களை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் 'வென்' மாநிலம் 33 (தமிழ்நாட்டின் குறியீடு) என்று இருக்கக் கூடாது. தாம்பரம் மெப்ஸுக்குள் (அங்குள்ள சிறப்புப் பொருளாதார மண்டலம்) இருக்கும் வாடிக்கையாளரின் குறியீடும் 33தான். ஆனால் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் போகும் சரக்கைச் சட்டம் மாநிலம் கடந்த விற்பனையாகவே கருதுகிறது. அதற்கு ஐஜிஎஸ்டி (எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து அனுப்பினால் வரியே இல்லை). எனவே முதலில் மண்டலச் சோதனை, அடுத்து 33 என்றால் வரியைச் சரிபாதியாக (18 சதவீதமானால் 9, 9 ஆக) சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரிப்பது, மூன்றாவதாக மாநிலக் குறியீட்டு அட்டவணையில் உள்ள மற்ற குறியீடுகளுக்கு ஐஜிஎஸ்டி.

மாநிலப் பெயரைக் குறியீடாக்க முப்பது சொச்சம் 'வென்' எழுதாதீர்கள். ஜிஎஸ்டிஐஎன் (வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்) வந்தால் அதன் முதல் இரண்டு எழுத்தே மாநிலக் குறியீடு. அதை வெட்டியெடுக்கும் 'சப்ஸ்ட்ரிங்' சார்பில் எண்ணிக்கை 1இல் தொடங்கும். ஜாவா பழக்கத்தில் 0, 2 என்று கொடுத்தால் '3' மட்டும் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஜிஎஸ்டிக்கான வழங்கல் இடத்துக்கு (பிளேஸ் ஆஃப் சப்ளை) தனி டேக் இருந்தால் அதற்கே முன்னுரிமை.

ஜிஎஸ்டிஐஎன் இல்லாதவர்களுக்குப் பெயர்–குறியீடு அட்டவணையைத் தனி எக்ஸ்எம்எல் கோப்பாக வையுங்கள். புதுச்சேரி, பாண்டிச்சேரி இரண்டும் 34 என்று இரண்டு பதிவு இருக்கட்டும். ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' போட்டு (தேவையற்ற இடைவெளிகளை நீக்கும்), எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்குங்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பில், அட்டவணையில் தேட உதவும் 'கீ' சார்பு, அந்த நேரத்தில் நிற்கும் கணு (நோட்) எந்த ஆவணத்தில் இருக்கிறதோ அதில் மட்டுமே தேடும். அதனால் தேட வேண்டிய பெயரை முதலில் ஒரு வேரியபிளில் வாங்கிக்கொண்டு, 'ஃபார்-ஈச்' மூலம் அட்டவணை ஆவணத்துக்குள் போய்த் தேட வேண்டும். 2.0இல் ஆவணத்தை மூன்றாவது அளவுருவாகக் கொடுத்தால் போதும். குறியீட்டை எண்ணாக மாற்றவே வேண்டாம், டெல்லியின் 07 வெறும் 7 ஆகிவிடும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் 'சமமில்லை' குறி. மாநில டேக்கே வராத மெசேஜில் 'மாநிலம் 33க்குச் சமமில்லை' என்ற சோதனை பொய் என்றே வரும், ஒப்பிட அங்கே ஒன்றுமில்லை. 'நாட்' சார்புக்குள் 'மாநிலம் 33க்குச் சமம்' என்று எழுதினால் உண்மை என்று வரும். இரண்டும் ஒன்று என்று நினைத்து எழுதிய மேப்பிங், டேக் விடுபட்ட அன்று உங்கள் காலை வாரிவிடும். டேக் இருந்து உள்ளே காலியாக இருப்பது இன்னொரு கதை. அதைக் காலிச் சரத்தோடு ஒப்பிட்டுத் தனியாகப் பிடியுங்கள்.

எல்லா ஆர்டரும் 'அதர்வைஸ்'க்கே (எந்த 'வென்'னும் பொருந்தாதபோது ஓடும் பகுதி) போகிறதா? நேம்ஸ்பேஸைப் (டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) பாருங்கள். மூல மெசேஜில் இயல்பு நேம்ஸ்பேஸ் இருக்க, உங்கள் பாதையில் முன்னொட்டு இல்லையென்றால் எதுவும் பொருந்தாது. இதற்கும் பிழைச் செய்தி வராது.

'அதர்வைஸ்'இல் ஐஜிஎஸ்டியைப் போட்டு வைப்பது சோம்பேறித்தனம். தெரியாத மாநிலம் தப்பான வரியோடு சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அங்கே எக்ஸ்எஸ்எல்டியின் 'மெசேஜ்' கட்டளையில் 'டெர்மினேட்'டை 'யெஸ்' ஆக்கி நிறுத்தலாம். ஒரே கோப்பில் 200 ஆர்டர் வருகிறதென்றால் ஒன்றுக்காக மொத்தமும் நிற்கும்; அப்போது அந்த ஆர்டர் எண்ணோடு ஒரு பிழை டேக்கை எழுதி, தனி வரிசைக்குத் திருப்பிவிடுங்கள். சோதிக்கும்போது சென்னை, மெப்ஸ், பெங்களூரு, எழுத்துப்பிழையான மாநிலம், காலி டேக், டேக்கே இல்லாதது என ஆறு மெசேஜையும் ஓட்டிப் பாருங்கள்.