இழுப்பறையில் இருந்த முகம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் நல்ல கட்டுரைகளைத் தொகுத்து, இருநூறு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வருகிறோம். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைத் தங்கள் அனுமதியோடு இம்மாத இதழில் சேர்த்தோம். தங்கள் கட்டுரைகளில் படமே இருப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. படம் இல்லாத கட்டுரையை இன்று யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆகவே இணையத்தில் கிடைத்த பஞ்சப் படம் ஒன்றை அதில் சேர்த்திருக்கிறேன். கட்டுரைகளுக்குப் படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எத்தனை வைப்பது, இலவசப் படங்களை எங்கே எடுப்பது என்று தாங்கள் வழிகாட்ட வேண்டும். தங்கள் பூட்டி கஞ்சித்தொட்டியின் முன் வரிசையில் நின்ற காட்சியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரைந்து பார்க்கலாமா என்றும் அறிய விரும்புகிறேன்.

ச., திருவல்லிக்கேணி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் இதழ் வந்துவிட்டது. என் கட்டுரைக்கு மேலே நீங்கள் வைத்திருந்த படத்தைப் பார்த்த பிறகு, எனக்கு ஒரு சந்தேகம் எழுந்து, உங்களுடைய பழைய இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று மாதங்களுக்கு முன், 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரைக்கும் இதே படத்தைத்தான் வைத்திருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் படத்துக்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை. அன்றிலிருந்து இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

எத்தனை படம், எந்த அளவில் என்பதையெல்லாம் உங்கள் கைப்பேசியில் இதழைத் திறந்து பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை. உரிமையைப் பொறுத்தவரை, 2012இல் திருத்தப்பட்ட நம் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். விக்கிமீடியா பொதுவகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயரும் உரிம விவரமும் கூடவே இருக்கும். அவற்றைப் படித்து, கேட்டிருக்கும் இடத்தில் பெயரைப் போட்டால் போதும். படம் இல்லாவிட்டால் யாரும் திறப்பதில்லை என்ற உங்கள் வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் கட்டுரையைப் படிக்க விரும்பாதவரை ஒரு பட்டினிக் குழந்தையைக் காட்டி அழைத்து வர எனக்கு மனமில்லை.

1981இல் மதுரையில் ஒரு சிறிய அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, ட்ரெடில் இயந்திரத்தில் காலால் மிதித்து ஓட்டிய காலம் அது. ஒரு படத்தை அச்சிட வேண்டுமானால் அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, மரக்கட்டையின் மேல் அறைந்து வாங்கி வர வேண்டும், செலவு அதிகம். ஆகவே ஒருமுறை செய்த பிளாக்கை யாரும் எறிவதில்லை. எங்கள் அச்சகத்தில் அவற்றுக்கென்று ஓர் இழுப்பறை இருந்தது. கோபுரம், மாட்டுவண்டி, பொங்கல் பானை ஆகியவற்றோடு, திண்ணையில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் ஒரு கிழவியும் அதில் இருந்தாள். நாங்கள் அச்சிட்ட ஒரு மாத இதழுக்கு வறட்சியைப் பற்றிய கட்டுரை வந்தபோது அவளை எடுத்து வைத்தேன். முதுமையைப் பற்றிய கவிதைக்கும் அவளே பொருந்தினாள். பிறகு, பெற்ற மகனே கைவிட்டதால் கோயில் வாசலில் பிச்சையெடுக்கும் ஒரு தாயின் கதை வந்தது. அதற்கும் அவளைத்தான் வைத்தேன்.

அந்த இதழ் வெளிவந்து இரண்டு வாரங்களுக்குப் பின், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்து, “இது எங்க அப்பத்தா. சொந்தக் காட்டுல பாடுபட்டுச் செத்தவ. ஒருத்தர்கிட்ட கையேந்துனவ இல்ல. இவள எதுக்குய்யா பிச்சைக்காரி ஆக்குனீங்க?” என்று கேட்டார். படத்தை எடுத்தவர் யார், அது எந்த வழியாக எங்கள் இழுப்பறைக்கு வந்தது என்பது அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி இழுப்பறையைத் திறந்து பிளாக்கை எடுத்துக் கொடுத்தார். பிளாக்கில் உருவம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் முகம் தெரியும். அவர் வாசலுக்குப் போய், வெயிலில் அதை அப்படியும் இப்படியுமாகச் சாய்த்துத் தன் அப்பத்தாவின் முகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கதைக்கு அந்தப் பிளாக்கைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. என் கட்டுரைகளில் படம் ஏன் இருப்பதில்லை என்று இத்தனை ஆண்டுகளில் பலர் கேட்டிருக்கிறார்கள். காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

இனி நீங்கள் வைத்த படத்துக்கு வருகிறேன். எலும்பும் தோலுமாக ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூட்டமாக அமர்ந்திருக்கும் அந்தப் படத்தை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தின்போது எடுத்தது. வங்கப் பஞ்சத்துக்கு 60 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது, 1,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியது. நீங்கள் மட்டும் செய்த பிழை அன்று இது. வங்கப் பஞ்சம் என்று தேடினால் ஹூப்பரின் படங்கள் இன்றும் வந்து நிற்கின்றன. என் கட்டுரைக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று நீங்கள் ஆறுதல் கொள்ள வேண்டாம். அது எந்தப் பஞ்சம் என்று தெரியாமல்தான் இரண்டுக்கும் வைத்தீர்கள். அதாவது, மெலிந்த உடல் என்றால் எந்த மெலிந்த உடலும் போதும் என்று நினைத்தீர்கள். நான் இழுப்பறையில் தேடியதும் இப்படித்தான்.

அக்காலத்தில் புகைப்படம் எடுப்பது எளிய வேலை அன்று. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் வைத்துக் கழுவ வேண்டும். எடுக்கும்வரை எதிரில் இருப்பவர்கள் சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவும் வலுவில்லாத அந்த மனிதர்களை யாரோ வரிசைப்படுத்தி, இப்படி உட்கார், அப்படிப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. இதே ஹூப்பர் 1886இன் தொடக்கத்தில் மண்டலேயில், மரண தண்டனை பெற்ற பர்மியர்களைச் சுடும் தருணத்தைப் படமெடுக்கப் போய், அதற்காக விசாரணைக்கு உள்ளாகிக் கண்டிக்கப்பட்டவர். அவர் எடுத்த பஞ்சப் படங்களை இனிப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொடுமைக்கு அவை சாட்சி. சாட்சியைக் கூப்பிட்டால் அது யார், எங்கே, எப்போது, யார் கண்ணால் பார்த்தது என்று சொல்லித்தான் நிறுத்த வேண்டும். படத்தின் கீழே இரண்டு வரி எழுத உங்களுக்கு ஏன் நேரம் இல்லாமல் போயிற்று, ச.? என் கட்டுரையில் ஓர் ஒற்றுப் பிழை இருந்தது என்று சென்ற மாதம் எழுதிக் கேட்டுத் திருத்தியவர் அல்லவா நீங்கள்?

படத்தின் வலிமையை நான் அறியாதவன் அல்லன். 1943 ஆகஸ்டில், பஞ்சத்தைப் பற்றி எழுதுவதற்குத் தணிக்கை இருந்தபோது, ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், புகைப்படங்களைப் பற்றித் தணிக்கை விதிகள் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கண்டு, கல்கத்தா வீதிகளில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். மறைக்கப்பட்ட பஞ்சத்தை உலகம் பார்த்தது. அதே ஆண்டில் சித்தப்பிரசாத் என்ற ஓவியர் மிதுனாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, பட்டினியில் கிடந்தவர்களை மையால் வரைந்தார். அவர்களில் பலருடைய பெயரையும், ஊரையும், அவர்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்தே எழுதி வைத்தார். அவை ‘ஹங்ரி பெங்கால்’ என்ற நூலாக வந்தன. அந்த நூலின் பிரதிகளை அரசாங்கம் பறித்து அழித்தது. ஹூப்பரின் படத்தில் நான் காண்பது ஒரு கூட்டத்தை. சித்தப்பிரசாத்தின் கோட்டில் காண்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒரு மனிதனை. வங்கப் பஞ்சக் கட்டுரைக்கு நீங்கள் தேடியிருக்க வேண்டியது அவரைத்தான். உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டிருந்தாலே அவர் சொல்லியிருப்பார்.

என் பூட்டியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரைவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அன்போடு கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் வேண்டாம். பஞ்சத்தின்போது அவளுக்கு ஏழு வயது. அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. என் பாட்டி சொன்னதிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருந்ததும், கடைசிவரை சோற்றுப்பானையைக் கழுவிய நீரைக் கீழே கொட்டவிடாமல் குடித்ததும்தான். அவற்றை எழுதிவிட்டேன். நீங்கள் செய்து தரும் முகம் ஹூப்பர் எடுத்ததைப் போன்ற படங்களை அரைத்துக் குழைத்து வந்த முகமாகத்தான் இருக்கும். அது எவ்வளவு நன்றாக அமைகிறதோ அவ்வளவு தீங்கு. என் பேரப்பிள்ளைகள் அதையே தங்கள் மூதாட்டி என்று நம்பிவிடுவார்கள்.

என் கட்டுரைக்குப் படம் வைத்தே தீர வேண்டும் என்றால், அது உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்குப் போன ஓர் ஆணுக்கு, நிவாரணத்தை மேற்பார்வையிட அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி வகுத்த அளவுப்படி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும்தான் கூலி. இன்று அந்தக் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி நிலையத்தின் அருகே நின்று, உங்கள் கைப்பேசியிலேயே அந்தக் கால்வாயைப் படமெடுங்கள். கீழே இடத்தையும் தேதியையும் எழுதி, எடுத்தவர் என்று உங்கள் பெயரைப் போடுங்கள். அடுத்த இதழில், வங்கப் பஞ்சக் கட்டுரையில் வெளியான படம் பிழை என்று ஒரு திருத்தமும் வர வேண்டும். அதை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.