பழைய ஆசிலோஸ்கோப்பில் போன டிரான்சிஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே எண் கிடைக்காவிட்டால் என்ன போடுவது?

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970களின் ஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்று. கோடு திரையின் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. டிரான்சிஸ்டர்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டி, கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் போர்டில் பதினொன்றைக் கழற்றிச் சோதித்தேன். பதினொன்றும் நன்றாகவே இருந்தன. கடைசியில் பார்த்தால், அந்தப் போர்டுக்கு 15 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 3 வோல்ட்தான் வருகிறது. ஒரு டாண்டலம் கெபாசிட்டர் ஷார்ட், அதாவது உள்ளே ஒட்டிப்போய் வோல்டேஜை இழுத்துக்கொண்டிருந்தது. கழற்றியதில் இரண்டு இடத்தில் செம்புத் தடம் பெயர்ந்து வந்ததுதான் மிச்சம்.

ஆகவே சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் சப்ளை வோல்டேஜ் ஒவ்வொன்றையும் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். பிக்சர் டியூப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அங்கே கை வேண்டாம்.

சப்ளை சரி என்றால், கழற்றாமலே அளந்து பாருங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். ஓடிக்கொண்டிருக்கும் சிலிக்கன் டிரான்சிஸ்டரில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 முதல் 0.7 வோல்ட், ஜெர்மேனியத்தில் 0.2 முதல் 0.3. ஃபார்வர்டு திசையில் (கரண்ட் ஓட வேண்டிய திசையில்) 2 வோல்ட் காட்டினால் அந்த பேஸ்-எமிட்டர் சந்தி ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருக்கிறது. பேஸில் ஒன்றுமே இல்லாமல் கலெக்டரும் எமிட்டரும் ஒரே வோல்டேஜில் நின்றால் ஷார்ட் என்று சந்தேகப்படலாம். அதன் பிறகு அந்த ஒன்றை மட்டும் கழற்றி மல்டிமீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள்.

டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்புகள் பலவற்றில் டிரான்சிஸ்டர் சாக்கெட்டில்தான் இருக்கும். அங்கே ஒரு நல்ல தந்திரம் உண்டு. கோடு மேலே ஓடிவிட்டால், பவரை அணைத்து, டிஃபரன்ஷியல் ஜோடியின் (சிக்னலை எதிரெதிராகப் பெருக்கும் இரட்டை டிரான்சிஸ்டர்களின்) இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். கோடு கீழே ஓடினால் குற்றவாளி அந்த ஜோடியில்தான். சில சமயம் பிடுங்கிச் செருகியதிலேயே பழுது போய்விடும். அழுக்கேறிய சாக்கெட்தான் காரணம்.

மாற்றுக்கு வருவோம். 151-0190-00 போன்ற கம்பெனி எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், அது சாதாரண 2என்3904தான். அதற்குப் பதில் பிசி547 போடலாமா என்று கேட்பார்கள். பல இடங்களில் போடலாம், ஆனால் கால் வரிசை தலைகீழ்: முன்னதில் எமிட்டர், பேஸ், கலெக்டர், பின்னதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். வோல்டேஜ் தாங்கும் அளவையும் வேகத்தையும் பாருங்கள். ஜோடியில் ஒன்று போனால் கெயின் (பெருக்கும் அளவு) ஒத்துவரும் இரண்டாகத் தேடிப் போடுங்கள்.

ஏஎஃப்114 முதல் 117 வரையிலான ஜெர்மேனியம் வகை தனிக் கதை. அவற்றை மூடியிருக்கும் உலோகக் குடுவையின் உட்புறத்தில் முடியைவிட மெல்லிய வெள்ளீய இழைகள் வளர்ந்து, உள்ளிருக்கும் கால்களைக் குடுவையோடு ஷார்ட் செய்துவிடும். இவற்றில் நான்கு கால்கள், நான்காவது குடுவையோடு இணைந்தது. குடுவைக்கும் மற்ற மூன்று கால்களுக்கும் இடையே மீட்டரில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. ஒரு கால் மட்டும் ஒட்டியிருந்தால், அந்த நான்காவது காலை வெட்டிவிட்டு ஓட்டலாம். இரண்டு ஒட்டியிருந்தால் இது உதவாது, மாற்றத்தான் வேண்டும். அதற்காகப் பழைய ஸ்டாக் ஏஎஃப்117ஐக் காசு கொட்டி வாங்காதீர்கள், பெட்டியில் சும்மா கிடந்தாலும் அந்த இழை வளரும். சிலிக்கன் போட்டால் பேஸ் வோல்டேஜை நிர்ணயிக்கும் பயாஸ் ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.