15 பெருசா, 12 பெருசா?

அண்ணே, வணக்கம். தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ, திருவிழா வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன மாதம் உங்கள் கணினியில் உப்பு ஏறிய கதையை எழுதியிருந்தீர்கள், அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கத் தோன்றியது. எனக்கு கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, ஒருவர் பழையதாகத் தருகிறார். இல்லையென்றால் புதிதாக ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. நெட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணக்குப் போடும் கோரும் மெமரியும் 3060-இல்தான் அதிகம், ஆனால் நொடிக்கு எத்தனை கணக்குப் போடும் என்று காட்டும் டெராஃப்ளாப்ஸ் மட்டும் அதற்கு 12.7, 4060-க்கு 15.1 என்று போட்டிருக்கிறது. அது எப்படி? டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே வேலை. மதர்போர்டு பழசு, கார்டு சொருகும் பிசிஐஇ ஸ்லாட் 3.0 தான். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. எதை வாங்கட்டும்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பிக்கு,

அந்த 12.7, 15.1 இரண்டையும் யாரும் கார்டை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. வெறும் பெருக்கல். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே முடித்துவிடும், அதனால் கோர் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, அதைப் பூஸ்ட் வேகத்தால் (கார்டு எட்டுகிற உச்சத் துடிப்பு வேகம்) பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். 3060-இல் 3584 கோர், 1777 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் நொடிக்கு 12.7 லட்சம் கோடி கணக்கு (டெரா என்பது நம்மூர் லட்சம் கோடிதான்). 4060-இல் 3072 கோர், ஆனால் 2460 மெகாஹெர்ட்ஸ், அதனால் 15.1. ஆள் குறைவு, கை வேகம். 2021-இல் வந்த பழையது சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது, 2023-இல் வந்த புதியது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின், இன்னும் நுணுக்கமான 4என் முறையில். அவ்வளவு வேகமாக ஓடியும் 115 வாட்டோடு நிற்பது அதனால்தான், பழையதுக்கு 170 வாட் வேண்டும்.

இன்ஜின் மேல் அடித்திருக்கும் குதிரைத்திறன் தகடு மாதிரி அந்த எண். ஆடி மாதம் கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது, பெட்டி நிறைய ஐஸோடு போகிற மீன்பிடி வல்லம் அந்தத் தகட்டைப் படித்துவிட்டா போகிறது?

கோர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கணக்குப் போட வேண்டிய சரக்கு வந்து சேர வேண்டும். 3060-க்கும் அதன் மெமரிக்கும் நடுவே 192 பிட் பாதை, பிட்டுக்கு நொடிக்கு 15 ஜிகாபிட், பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060-இல் 128 பிட், 17 ஜிகாபிட், அதாவது 272. புதியது குறைவா என்று அலற வேண்டாம், அதில் எல்2 கேஷ் 24 எம்பி, பழையதில் 3 எம்பிதான். அடிக்கடி வேண்டியதைக் கையருகே வைத்துக்கொள்வதால் மெமரிக்கு ஓடுவது குறையும். கேம் ஆடுகிறவர் கேட்டிருந்தால் 4060 என்று இங்கேயே முடித்திருப்பேன், அதில் இடையிடையே ஃப்ரேமைத் தானே உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு இருக்கிறது.

உங்கள் வேலை வேறு. 4கே கிளிப்பில், இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேலே நிறம் திருத்தும் கலர் நோட் நாலைந்து அடுக்கினால் (சாயங்கால ரிசப்ஷனில் எடுத்ததெல்லாம் இப்படித்தான் அடுக்க வேண்டியிருக்கும்) 8 ஜிபி நிரம்ப நேரமாகாது. நிரம்பினால் இரண்டில் ஒன்று. ரிசால்வ் ஜிபியு மெமரி தீர்ந்தது என்று சொல்லி ரெண்டரை நிறுத்தும். இல்லையென்றால் மிச்சச் சரக்கு கணினியின் ராமுக்குப் போய்ப் போய் வரும். அது போகிற வழி பிசிஐஇ, உங்கள் பழைய போர்டு இங்கேதான் மாட்டுகிறது. 4060-க்கு அந்த வழியில் 8 லேன்தான் (தரவு போகும் தடம்) கொடுத்திருக்கிறார்கள். ஸ்லாட் நீளமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, 3.0 போர்டில் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி. 3060-க்கு 16 லேன், சுமார் 16. ஆக 272-இல் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 8-இல் தவழும், 15.1 லட்சம் கோடி கணக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காசு போடுவதற்கு முன் தெரிய வேண்டும். உங்கள் கேமராவில் 4:2:2 10 பிட் (நிறத் தகவலை அதிகமாக வைக்கும் முறை) பதிவு செய்கிறீர்களா? அப்படியானால் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதை இந்த இரண்டு கார்டுமே தீர்க்காது. எச்.264, எச்.265 எதுவானாலும் 4:2:2-ஐ என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகள் ஹார்டுவேரில் பிரிப்பதில்லை, 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. பிராக்ஸி (கிளிப்பின் லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள், செலவில்லாத வழி. நீங்கள் பார்த்த மாதிரி அட்டவணைகளில் இதற்கு ஒரு வரி இருக்காது. 4060-இல் ஏவி1 என்ற புதிய வீடியோ சுருக்க முறையில் என்கோடிங் உண்டு, பழையதில் இல்லை, ஆனால் கல்யாண வீட்டுக்காரர் பென் டிரைவில் கேட்பது எச்.264 தானே.

இன்வெர்ட்டர் கணக்கில் மட்டும் 4060-க்கு ஒரு மார்க் போட்டே ஆக வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 55 வாட், ஒரு சீலிங் ஃபேன் ஓடுகிற மின்சாரம். ராத்திரி கரண்ட் போய் ரெண்டர் பாதியில் நிற்கும்போது அந்த ஃபேன் பெரிதாகத்தான் தெரியும்.

இருந்தாலும் நான் 3060 என்றுதான் சொல்வேன், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. ஒன்று, 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்றார்கள். அதில் 128 பிட் பாதை, நொடிக்கு 240 ஜிபி. பெட்டியை நம்பாமல் கணினியில் மாட்டி கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்க்க வேண்டும். 12 ஜிபி, 192 பிட் என்று வர வேண்டும்.

இன்னொன்று உப்பு. போன மாதம் நான் எழுதாமல் விட்டது இதுதான். அதற்கு முன்னால் ஒரு பழைய கார்டை, ஆறு மாதம்தான் ஓடியது என்று ஒருவர் சொன்னதை நம்பி, திறந்து பார்க்காமலே வாங்கி வந்தேன். வீட்டில் டார்ச் அடித்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே மாவு தூவினாற்போல வெள்ளை, ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. ஸ்லாட்டில் சொருகும் தங்கப் பற்களில் இரண்டின் ஓரத்தில் பச்சை. பையனின் அழிரப்பரை வைத்துத் தேய்த்தேன், படம் வந்தது, மூன்று வாரம் ஓடியது, ஒரு ராத்திரி கருப்பாகிப் போனது போனதுதான். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வருடக்கணக்கில் கிடந்த கார்டுக்கு ஆறு மாதம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதனால் உங்களுக்கு விற்கிறவர் வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், ஃபேன் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் தூசி என்றால் பயமில்லை, ஊதினால் போகும். பச்சையைப் பார்த்தால் விலையே பேச வேண்டாம், புது 4060-ஐ வாங்கி நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைத்துப் போட்டு ஓட்டிக்கொள்ளுங்கள்.