செஸ்னா 172 சிறு விமானத்தின் ஹெட்செட்டில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம்: எங்கே தேடுவது?

சத்தத்தின் சுருதி ஆர்பிஎம்மோடு (இன்ஜின் சுழலும் வேகம்) கூடிக் குறைந்தால், முதலில் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். தரையில், பிரேக் பிடித்து, 1500 ஆர்பிஎம்மில் இரண்டு பாதியாக உள்ள மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் அணையுங்கள். சத்தம் நின்றால் மூலம் அதுதான். அதற்குள் இருக்கும் டயோடு ஒன்று போயிருந்தாலும் இப்படித்தான் ஊளையிடும். ஸ்ட்ரோப் விளக்கு (விட்டுவிட்டு மின்னும் எச்சரிக்கை விளக்கு) மின்னும்போதெல்லாம் 'டிக்' என்றால் மூலம் அதன் பவர் சப்ளை.

அடுத்து ரேடியோ வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது ஆன்டெனா வழியாக வரவில்லை, ஆடியோ வயரிங் வழியாக நுழைகிறது. வால்யூமோடு சேர்ந்து அடங்கினால் யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் விமான ரேடியோ இயங்கும் 118–137 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பி, சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச்சையே திறந்துவிடும்.

வயரிங்கில் அதிகம் கோட்டைவிடுவது ஜாக்கில்தான். மைக், ஹெட்போன் ஜாக் இரண்டும் உலோகப் பேனலைத் தொடவே கூடாது. இடையில் மின்சாரம் கடத்தாத, தோள்வைத்த ஃபைபர் வாஷர் அவசியம். அது உடைந்தால் பாடி வழியாக இன்னொரு கிரவுண்ட் பாதை உருவாகி, ஆல்டர்னேட்டர் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் ஆடியோவில் கலந்துவிடும். ஆடியோ வயரைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டையும் இன்டர்காம் முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். இதையெல்லாம் சரிபார்க்காமல் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் வாங்காதீர்கள். கிரவுண்ட் கோளாறை ஃபில்டர் தீர்க்காது. கழற்றி மாட்டும் வேலையை உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.